காவலர் ஓய்வூதியப் பற்றாக்குறைக்கு மாநில அரசு பணம் தருவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் காவலர்களின் ஓய்வூதியம் ஒரே கஜானாவிலிருந்து வருவதில்லை. மாநிலக் காவல் படை, மாவட்ட ஷெரிஃப் அலுவலகம், நகரக் காவல் துறை என்று அவர்களை வேலைக்கு வைத்தது யாரோ, அவர்கள் சேர்ந்திருக்கும் நிதியத்திலிருந்துதான் வருகிறது. அந்த நிதியத்தில் பணம் போதாமல் போகும்போது எல்லோருடைய பார்வையும் மாநிலச் சட்டமன்றத்தின் பக்கம் திரும்புகிறது. அப்போது என்ன நடக்கிறது, எது நடக்காது என்பதை இங்குள்ள கேள்விகளும் பதில்களும் விளக்குகின்றன.

பற்றாக்குறை என்றால் கஜானா காலியாகிவிட்டது என்று பொருளா?

இல்லை. இதுவரை பார்த்த வேலைக்காகக் காவலர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் இனி வரும் பல பத்தாண்டுகளில் கொடுக்க வேண்டிய தொகை முழுவதையும் ஆக்சுவரி என்னும் கணிப்பாளர் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கணக்கிடுகிறார். அந்தக் கடப்பாடு 100 டாலராக இருந்து, கையில் 60 டாலர் மட்டும் இருந்தால், நிதியம் 60 சதவீதம் நிறைந்திருக்கிறது என்றும், மீதி 40 டாலர் பற்றாக்குறை என்றும் சொல்வார்கள். இந்த நிலையிலும் மாதாமாதம் ஓய்வூதியம் தடையில்லாமல் போய்க்கொண்டுதான் இருக்கும். ஆபத்து பத்து, பதினைந்து ஆண்டுகள் தள்ளி நிற்பதால்தான் நகர மன்றங்களும் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுகின்றன.

உண்மையிலேயே பணம் தீர்ந்துபோவது அரிது என்றாலும் நடக்காத ஒன்றல்ல. அலபாமா மாநிலத்தின் பிரிச்சர்ட் என்ற சிறு நகரத்தில் 2009 செப்டம்பரில் நிதியம் வறண்டு, சுமார் 150 ஓய்வூதியர்களுக்குக் காசோலை வருவது நின்றுபோனது. 2009ஆம் ஆண்டில் பணம் தீரும் என்று அந்நகரத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கை தரப்பட்டிருந்தது.

ஒரு காவலருக்கு எவ்வளவு ஓய்வூதியம் கிடைக்கும்? அது அளவுக்கு மீறியதா?

மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும் என்பதால் ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோ நீங்கலான மற்ற நகரங்களில் 2011க்கு முன் பணியில் சேர்ந்த காவலர், 20 ஆண்டுகள் பணியாற்றினால் கடைசிச் சம்பளத்தில் பாதியைப் பெறுவார். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2.5 சதவீதம் கூடும். உச்ச வரம்பு 75 சதவீதம். கடைசிச் சம்பளம் ஆண்டுக்கு 80,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 20 ஆண்டுக்கு 40,000 டாலர், 30 ஆண்டுக்கு 60,000 டாலர். அதன்மேல் ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வு, வட்டிக்கு வட்டி போலக் கூடிக்கொண்டே போகும். 55 வயதில் 60,000 டாலரில் தொடங்கிய ஓய்வூதியம் அவருடைய 79ஆவது வயதில் இரண்டு மடங்காகிவிடும்.

இதைப் படித்தவுடன் கோபப்படுபவர்கள் இன்னும் இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தக் காவலரின் சம்பளத்திலிருந்து 9.91 சதவீதம் பணிக்காலம் முழுவதும் பிடிக்கப்பட்டிருக்கும்; அவர் தம் பங்கைக் கட்டத் தவற வழியே இல்லை. இரண்டாவதாக, 2011 முதல் சேர்ந்தவர்களுக்கு இந்தச் சலுகைகள் குறைக்கப்பட்டுவிட்டன. இன்றைய பற்றாக்குறையின் பெரும்பகுதி பழைய வாக்குறுதிகளைச் சேர்ந்தது. புதிதாகச் சேருபவருக்கு எவ்வளவு குறைத்தாலும் பழைய கணக்கில் ஒரு டாலர்கூடக் குறையாது.

பற்றாக்குறை எப்படி உருவாகிறது?

பங்குச் சந்தை விழுந்ததால் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவது வழக்கம். 2008இல் சந்தை பெரிய அடி கொடுத்தது உண்மைதான். ஆனால் அதே அடியை வாங்கிய பல நிதியங்கள் பிழைத்துக்கொண்டன. என் பார்வையில் முதன்மையான காரணம், முதலாளியாகிய அரசோ நகராட்சியோ கட்ட வேண்டிய தவணையைக் கட்டாமல் விட்டதுதான்.

இதை எண்களில் பார்த்தால் விளங்கும். நிதியம் ஆண்டுக்கு 7 சதவீதம் ஈட்டும் என்ற அனுமானத்தில் கணக்குப் போடப்பட்டிருக்கிறது என்று கொள்வோம். ஒரு நகராட்சி இந்த ஆண்டு கட்ட வேண்டிய 10 லட்சம் டாலரைக் கட்டாமல், அந்தப் பணத்தில் சாலை போட்டுவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் குறையை நிரப்ப ஏறக்குறைய 19.7 லட்சம் டாலர் வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்து 38.7 லட்சம் டாலர் வேண்டும். தவணையைத் தள்ளிய மேயர் அதற்குள் பதவியை விட்டுப் போயிருப்பார்.

அனுமான வட்டி விகிதமும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். இருபது ஆண்டுகள் கழித்துக் கொடுக்க வேண்டிய ஒரு டாலருக்கு, 8 சதவீதம் ஈட்டலாம் என்று நம்பினால் இன்று சுமார் 21.5 சென்ட் ஒதுக்கினால் போதும். 7 சதவீதம்தான் கிடைக்கும் என்று ஒப்புக்கொண்டால் 25.8 சென்ட் ஒதுக்க வேண்டும். கணக்குத்தாளில் ஓர் எண்ணை மாற்றியவுடன் கடப்பாடு அந்த அளவு ஏறிவிடுகிறது. புதிய எண் உண்மைக்கு நெருக்கமானது என்றாலும், அதை ஏற்கும் நாளில் பற்றாக்குறை திடீரென்று பெருத்துவிட்டது போலத் தோன்றும். அந்தப் பழி வேண்டாம் என்று பல நிதியங்கள் பழைய எண்ணையே நெடுங்காலம் பிடித்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது காரணம், சந்தை செழித்த காலத்தில் அள்ளிக் கொடுத்த உயர்வுகள். கலிஃபோர்னியா 1999இல் இயற்றிய சட்டம் மாநில நெடுஞ்சாலைக் காவலர்களுக்கு, 50 வயதில் ஓய்வு பெற்றாலும் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் 3 சதவீதம் என்ற வாய்பாட்டைக் கொடுத்தது. பிறகு அதே வாய்பாட்டை நகரங்களும் வரிசையாக ஏற்றுக்கொண்டன.

காவலர் நிதியங்களைத் தனியாகப் பேசுவது ஏன்?

காவலர்கள் மற்ற ஊழியர்களைவிட முன்னதாகவே ஓய்வு பெறுகிறார்கள். பணியில் காயமடைந்து உடல்தகுதி இழப்பவர்களும் அவர்களில் அதிகம். எனவே ஒருவருக்கு ஓய்வூதியம் கொடுக்க வேண்டிய ஆண்டுகளும் கூடுகின்றன. இவற்றோடு, பல மாநிலங்களில் காவலர்கள் கூட்டாட்சி அரசின் பொது ஓய்வூதியத் திட்டமான சோஷியல் செக்யூரிட்டிக்கு வெளியே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகரத்தின் ஓய்வூதியம் நின்றால் அவர்களில் பலருக்கு விழுந்து எழ வேறு தரை கிடையாது. வேறு வேலையாலோ துணைவரின் வேலையாலோ அத்திட்டத்தில் உரிமை பெற்றவர்களின் தொகையையும் வெட்டி வந்த இரண்டு விதிகள், 2025 ஜனவரியில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டத்தால் நீக்கப்பட்டன.

பற்றாக்குறையை நிரப்பும் கடமை மாநில அரசுக்குச் சட்டப்படி உண்டா?

மாநிலக் காவல் படையைப் பொறுத்தவரை மாநிலமே முதலாளி என்பதால் கேள்விக்கே இடமில்லை. அந்தக் கடன் மாநிலத்தின் கடன். நகரக் காவலர்கள் விஷயத்தில் பொதுவாக அப்படியொரு கடமை இல்லை. தனியார் நிறுவன ஓய்வூதியங்கள் முறிந்தால் கைகொடுக்கும் கூட்டாட்சிக் காப்புறுதி நிறுவனம் ஒன்று, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு இயங்குகிறது. ஆனால் அந்தச் சட்டம் அரசு ஊழியர் நிதியங்களைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. எனவே நகரம் கைவிட்டால் தானாக ஓடிவரும் அமைப்பு எதுவும் இல்லை.

ஓய்வூதியரின் உரிமையைக் காக்கும் சட்டங்கள் உண்டு. ஓய்வூதியம் என்பது ஓர் ஒப்பந்தம், அதன் பலன்களைக் குறைக்கக் கூடாது என்று இல்லினாய் மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு அரசியல் சட்டம் சொல்கிறது. மாநில அரசு தன் ஊழியர்களின் ஓய்வூதியத்தைக் குறைக்க 2013இல் இயற்றிய சட்டத்தை 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் இதே விதியைக் காட்டித்தான் செல்லாததாக்கியது. உரிமை உறுதியாக இருப்பது ஒன்று, அதைக் கொடுக்கப் பணம் இருப்பது வேறொன்று.

சில மாநிலங்கள் ஆண்டுதோறும் நகரங்களுக்கு உதவுகின்றனவாமே. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் காப்பீட்டு பிரீமியத்தின் மீதான வரியிலிருந்து. ஃபுளோரிடாவில், ஒரு நகரத்தின் எல்லைக்குள் விற்கப்படும் விபத்து மற்றும் இழப்புக் காப்பீட்டுப் பாலிசிகளின் பிரீமியத்தில் 0.85 சதவீதம் அந்த நகரக் காவலர் நிதியத்துக்குப் போகிறது. தீயணைப்பு வீரர்களுக்கு, சொத்துக் காப்பீட்டு பிரீமியத்தில் 1.85 சதவீதம். காப்பீட்டு நிறுவனம் இந்தத் தொகையைத் தான் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், பெயரில் நகர வரியாக இருந்தாலும் உண்மையில் மாநில அரசு தன் வருவாயை விட்டுக்கொடுக்கிறது.

பென்சில்வேனியாவின் 1984ஆம் ஆண்டுச் சட்டம் வேறு விதமானது. வெளிமாநிலக் காப்பீட்டு நிறுவனங்களிடம் வாங்கும் 2 சதவீத பிரீமிய வரியின் குறிப்பிட்ட பகுதியை ஒரே தொகுப்பில் சேர்த்து, உள்ளாட்சிகளுக்குத் தலைக்கணக்கில் பங்கிடுகிறார்கள். காவலர் ஒருவருக்கும் தீயணைப்பு வீரர் ஒருவருக்கும் இரண்டு பங்கு. மற்ற ஊழியருக்கு ஒரு பங்கு. அந்த மாநிலத்தில் 3,000க்கும் மேற்பட்ட உள்ளாட்சி ஓய்வூதிய நிதியங்கள் உள்ளன. அவற்றில் பல, ஓரிரு காவலர்களுக்காக மட்டுமே நடப்பவை. தலையை எண்ணிக் கொடுக்கும் இந்த முறையில் ஊழல் குறைவு, தகராறும் குறைவு. ஆனால் நிதியம் நிறைந்து வழியும் வசதியான புறநகரும், பாதிகூட நிறையாத பழைய எஃகு நகரமும் ஒரே விகிதத்தில் வாங்கிப் போகின்றன.

வாஷிங்டன் மாநிலத்தில் 1977 அக்டோபருக்குப் பின் சேர்ந்த காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்குமான திட்டம் எனக்குப் பிடித்தமானது. செலவில் 50 சதவீதத்தை ஊழியரும், 30 சதவீதத்தை உள்ளூர் நிர்வாகமும், 20 சதவீதத்தை மாநிலமும் ஏற்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். செலவு கூடினால் மூவருக்கும் சேர்ந்தே வலிக்கும் என்பதால் யாரும் அடுத்தவர் பணத்தில் தாராளம் காட்ட முடியாது.

ஒரே முறை பெருந்தொகை கொடுப்பது எப்போது நடக்கிறது?

மாநிலத்திடம் உபரி இருக்கும் ஆண்டுகளில். கென்டக்கி மாநிலக் காவலர்களின் நிதியம் 2020 வாக்கில் 30 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது. 2022இல் சட்டமன்றம் 21.5 கோடி டாலரை ஒரே தவணையில் செலுத்தியது. நிதியம் ஏறக்குறைய பாதி அளவுக்கு நிறைந்தது. உறுப்பினர் எண்ணிக்கை சிறியது என்பதால் ஒரே தொகையால் இவ்வளவு தூரம் நகர்த்த முடிந்தது.

அதே 2022இல் மிச்சிகன், உள்ளாட்சி நிதியங்களுக்கு 75 கோடி டாலர் ஒதுக்கியது. இது காவலர்களுக்கு மட்டுமானதல்ல. 60 சதவீதத்துக்குக் கீழே உள்ள நிதியங்களை அந்த அளவை நோக்கித் தூக்கிவிடுவதே நோக்கம். அந்த மாநிலத்தில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே 60 சதவீதத்தை எல்லைக்கோடாக வைத்திருந்தது.

அப்படியானால் ஒழுங்காகக் கட்டிய நகரத்துக்கு என்ன கிடைக்கிறது?

பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. நூலகத்தின் நேரத்தைக் குறைத்தும் சொத்து வரியை ஏற்றியும் தவணை தவறாமல் கட்டி 65 சதவீதத்தில் நிற்கும் நகரம், 60 என்ற கோட்டுக்கு மேலே இருக்கிறது என்பதற்காகவே வெறுங்கையோடு திரும்புகிறது. இந்த முறையீட்டில் நியாயம் இருக்கிறது. இதற்கு நல்ல பதிலை நான் இதுவரை கேட்டதில்லை. பணத்தை மறுத்தால் தண்டிக்கப்படுபவர் தவணையை விட்ட மேயர் அல்லர், முப்பது ஆண்டுகள் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்த காவலர் என்ற ஒரே காரணத்தால்தான் இந்த அநியாயத்தைச் சகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பணம் தராமலேயே மாநிலம் நகரங்களைக் கட்ட வைக்க முடியுமா?

முடியும், அதற்கு இல்லினாய் நல்ல உதாரணம். நகரம் காவலர் நிதியத்துக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தாவிட்டால், நிதியத்தின் முறையீட்டின் பேரில், மாநிலக் கணக்குத் தலைவரான கம்ப்ட்ரோலர், அந்த நகரத்துக்கு மாநிலம் அனுப்ப வேண்டிய வரிப் பங்கை நிறுத்தி நிதியத்துக்குத் திருப்பிவிடலாம். 2016 நிதியாண்டில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்த ஆண்டில் மூன்றில் இரண்டு, 2018 முதல் முழுவதும் என்று படிப்படியாக இந்த அதிகாரம் நடைமுறைக்கு வந்தது.

சிகாகோவின் தெற்குப் புறநகரான ஹார்வி நகரம் இதில் முதலில் சிக்கியது. 2018 தொடக்கத்தில் 14 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட வரிப் பங்கு நிறுத்தி வைக்கப்பட்டது. ஏப்ரலில் நகரம் 13 காவலர்களையும் 18 தீயணைப்பு வீரர்களையும் வேலையிலிருந்து நிறுத்தியது. ஓய்வு பெற்ற காவலருக்குக் கொடுப்பதற்காகப் பணியில் இருக்கும் காவலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய சம்பளப் பிடித்தமும் அதோடு நின்றது. சட்டம் தான் சொன்னதைச் செய்தது. நகரத்திடம் உண்மையிலேயே பணம் இல்லாதபோது இப்படிப் பிடுங்குவதால் பணம் உற்பத்தியாகாது என்பதையும் ஹார்வி காட்டியது.

பிறகு அதே மாநிலம் இன்னொரு வழியையும் பிடித்தது. சிகாகோவுக்கு வெளியே இருந்த சுமார் 650 காவல், தீயணைப்பு நிதியங்களின் முதலீடுகளை இரண்டு பெரிய நிதியங்களாகச் சேர்க்கும் சட்டம் 2019 டிசம்பரில் வந்தது. சிறு நிதியங்கள் தனித்தனியே கட்டிவந்த மேலாண்மைக் கட்டணம் மிச்சமாகும் என்பது வாதம். எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை 2024 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

டல்லஸ் நகரத்தை மாநில அரசு காப்பாற்றியது என்கிறார்களே?

டெக்சாஸ் அரசு அங்கே விதிகளை மட்டுமே மாற்றியது. பற்றாக்குறையை நிரப்பப் பணம் தரவில்லை. ஓய்வு பெறும் தகுதி வந்த பிறகும் வேலையில் தொடர்பவரின் ஓய்வூதியத்தைத் தனிக் கணக்கில் போட்டு, உறுதியான உயர் வட்டி கொடுக்கும் ஏற்பாடு ஒன்று டல்லஸ் காவல், தீயணைப்பு நிதியத்தில் இருந்தது. நிலச் சொத்து முதலீடுகள் நட்டமடைந்த செய்தி பரவியதும் 2016இல் சில மாதங்களுக்குள் 50 கோடி டாலருக்கும் மேல் எடுக்கப்பட்டு, டிசம்பரில் நிர்வாகக் குழு பணம் எடுப்பதையே நிறுத்தி வைத்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வு வயதை 58 ஆக்கியது, ஊழியர் பங்கை 13.5 சதவீதமாக உயர்த்தியது, நகரத்தின் பங்கைச் சம்பளத் தொகையில் 34.5 சதவீதமாக வைத்தது.

நகரம் திவாலானால் மாநிலம் கைகொடுக்குமா?

இரண்டு இடங்களில் கொடுத்தது. டெட்ராய்ட் 2013 ஜூலையில் திவால் மனு போட்டபோது, அறக்கட்டளைகளும் நகரக் கலைக்கூடமும் மிச்சிகன் மாநிலமும் சேர்ந்து பணம் திரட்டின. மாநிலத்தின் பங்கு ஏறக்குறைய 19.5 கோடி டாலர். பதிலுக்கு ஓய்வூதியர்கள் மாநிலத்தின் மீது வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்தார்கள். காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் அடிப்படை ஓய்வூதியம் குறையவில்லை, ஆண்டு உயர்வு மட்டும் பாதியளவுக்கு வெட்டப்பட்டது. மற்ற ஊழியர்கள் 4.5 சதவீத வெட்டையும் ஆண்டு உயர்வின் இழப்பையும் ஏற்றார்கள்.

ரோட் ஐலண்டின் சென்ட்ரல் ஃபால்ஸ் இன்னும் சிறியது, இன்னும் வலிமிக்கது. 2011 ஆகஸ்டில் திவாலான அந்நகரத்தின் ஓய்வு பெற்ற காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் ஓய்வூதியம் 55 சதவீதம் வரை வெட்டப்பட்டது. சட்டமன்றம் 26 லட்சம் டாலர் ஒதுக்கி, வெட்டு 25 சதவீதத்தைத் தாண்டாமல் ஐந்து ஆண்டுகளுக்குத் தாங்கிப் பிடித்தது.

மாநிலம் தொடங்கிய உதவியை நடுவில் நிறுத்திவிட முடியுமா?

நியூ ஹாம்ப்ஷையர் நிறுத்தியது. நகரங்கள் தங்கள் காவலர், தீயணைப்பு வீரர், ஆசிரியர் ஓய்வூதியத்துக்குக் கட்டவேண்டிய பங்கில் 35 சதவீதத்தை அந்த மாநிலம் நெடுங்காலம் ஏற்றுவந்தது. பொருளாதார மந்தத்தில் அது 30 ஆகி, 25 ஆகி, பின்பு ஒன்றுமில்லாமல் போனது. மாநிலப் பட்ஜெட்டில் மறைந்த செலவு வீட்டுச் சொத்து வரி ரசீதில் முளைத்தது.

இந்தியானா நேர் எதிர். 1977க்கு முந்தைய காவலர், தீயணைப்பு நிதியங்களில் சேமிப்பு என்று எதுவும் கிடையாது. அந்தந்த ஆண்டு வரியிலிருந்து அந்தந்த ஆண்டு ஓய்வூதியம் கொடுக்கப்பட்டது. 1977இல் அவற்றைப் புதியவர்களுக்கு மூடி, முறையாகச் சேமிக்கும் புதிய நிதியத்தைத் தொடங்கினார்கள்; 2009 முதல் பழைய கடன் முழுவதையும் மாநிலமே ஏற்றுக்கொண்டது. மூடிய கணக்கு என்பதால் அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, ஒரு நாள் தானாகவே தீர்ந்துவிடும்.

கடன் பத்திரம் விற்றுப் பற்றாக்குறையை நிரப்பினால் என்ன?

4 சதவீதத்துக்குக் கடன் வாங்கி 7 சதவீதம் ஈட்டலாம் என்ற எண்ணம்தான் இதன் அடிப்படை. ஹூஸ்டன் 2017இல் வாக்காளர்களின் ஒப்புதலோடு 100 கோடி டாலருக்குப் பத்திரம் வெளியிட்டது. கூடவே பலன்களையும் குறைத்தது. டெட்ராய்ட் 2005இல் 140 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது. அந்தக் கடனே அதன் திவாலுக்கு ஒரு காரணமாயிற்று.

கூட்டாட்சி அரசின் கொரோனா நிவாரணப் பணத்தை இதற்குப் பயன்படுத்தினார்களா?

2021ஆம் ஆண்டு நிவாரணச் சட்டம் அந்தப் பணத்தை ஓய்வூதிய நிதியத்தில் போடக் கூடாது என்று வெளிப்படையாகத் தடுத்தது. சம்பளத்தோடு வழக்கமாகச் செலுத்தும் பங்களிப்புக்கு மட்டும் தடை இல்லை. வேறு செலவுகளுக்கு அந்தப் பணம் வந்ததால் மாநிலத்தின் சொந்த வருவாய் விடுபட்டது என்பதையும் நாம் மறந்துவிட வேண்டாம்.

மாநில அரசே தவணை தவறினால் யார் கேட்பது?

நியூ ஜெர்சியில் கால் நூற்றாண்டு காலம் யாரும் வெற்றிகரமாகக் கேட்கவில்லை. அங்கே காவலர், தீயணைப்பு வீரர் நிதியம் ஒன்றே; விதிகளும் ஒன்றே. ஆனால் நகரங்கள் கட்டும் பகுதியும் மாநிலம் கட்டும் பகுதியும் தனித்தனிக் கணக்கில் இருக்கின்றன. கட்டியே தீர வேண்டிய நகரங்களின் பகுதி மேலே நிற்க, தானே பட்ஜெட் போட்டுத் தானே குறைத்துக்கொண்ட மாநிலத்தின் பகுதி வெகுவாகக் கீழே கிடந்தது. 2022 நிதியாண்டில்தான் மாநிலம் 1990களுக்குப் பிறகு முதல் முறையாகத் தன் ஓய்வூதியத் தவணைகளை முழுமையாகக் கட்டியது.

ஒரு குறிப்பிட்ட நிதியத்தின் நிலையை நானே பார்ப்பது எப்படி?

நிதியத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து, நிறைவுச் சதவீதத்தைத் தாண்டிப் பின்பக்கங்களுக்குச் செல்லுங்கள். 2012இல் அரசுக் கணக்கியல் தர வாரியம் வெளியிட்ட விதிகளின்படி அங்கே பத்து ஆண்டுக்கான அட்டவணை ஒன்று இருக்க வேண்டும். ஒரு வரிசையில் ஆக்சுவரி தீர்மானித்த பங்களிப்பு, அதன் கீழே உண்மையில் கட்டிய தொகை, மூன்றாவதாக வித்தியாசம். மூன்றாவது வரிசை தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால் நிதியம் 60 சதவீதத்தில் இருந்தாலும் அது ஏறிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு. அந்த வரிசையில் ஆண்டுதோறும் குறை தென்பட்டால், அனுமான வட்டி எவ்வளவு, பற்றாக்குறையை எத்தனை ஆண்டுகளில் தீர்ப்பதாகக் கணக்கு, அந்தக் கால அளவு ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் 30இலிருந்தே தொடங்குகிறதா என்ற மூன்றையும் அடுத்துப் பாருங்கள். மாநிலம் ஒரே முறை கொடுத்த தொகை இருந்தால் அதுவும் இந்த அட்டவணையில்தான் தெரியும்: ஓர் ஆண்டில் மட்டும் வித்தியாசம் எதிர்ப்பக்கம் பெரிதாகப் பாய்ந்திருக்கும். அதற்கு அடுத்த ஆண்டின் கட்டத்தில் நகரம் என்ன கட்டியிருக்கிறது என்று பாருங்கள்.